உருகிக் காக்கும் கம்பி: தாமஸ் ஆல்வா எடிசன்

மின்சார பல்பு என்றதும் யார் பெயர் நினைவுக்கு வருகிறது? தாமஸ் ஆல்வா எடிசன் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால், பல்பு எரியத் தொடங்கியதுமே எடிசனை ஒரு பெரிய கவலை பிடித்துக் கொண்டது தெரியுமா? விளக்கு எரிய வேண்டிய வீடே எரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்தக் கவலை! அதற்கு அவர் கண்ட விடை, ஒரு சின்னஞ்சிறு கம்பி. இன்று உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து வானொலி நிலையம் வரை அந்த யோசனை காவல் காத்து நிற்கிறது. அந்தக் கம்பியின் கதையோடு சேர்த்து எடிசனின் கதையையும் பார்ப்போமா?

தீயோடு விளையாடிய சிறுவன்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் உள்ள மிலான் என்ற சிற்றூரில், 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி எடிசன் பிறந்தார். எதையும் செய்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஆறு வயதில் தீ என்ன செய்யும் என்று பார்க்க ஆசை வந்தது. அப்பாவின் தானியக் கொட்டகைக்குள் தீ மூட்டினார். கொட்டகை முழுவதும் எரிந்து சாம்பலானது! ஊரார் எல்லோரும் பார்க்க, நடுத்தெருவில் அப்பாவிடம் அடி வாங்கினார்.

பிறகு அந்தக் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் என்ற ஊருக்குக் குடியேறியது. அங்கே எடிசன் பள்ளிக்குப் போனது சில மாதங்கள்தான். ஓயாமல் கேள்வி கேட்ட அந்தச் சிறுவனை, மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் எண்ணிவிட்டார். அம்மா நான்சிக்குக் கோபம் வந்தது. அவரும் முன்பு ஆசிரியையாக இருந்தவர்தான். மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். அறிவியல் சோதனைகள் நிறைந்த ஒரு புத்தகமும் வாங்கித் தந்தார். அதில் உள்ள சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கத் தொடங்கினார் எடிசன்.

பன்னிரண்டு வயதில் ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கப் போனார். கிடைத்த காசில் ரசாயனப் பொருள்கள் வாங்கினார். சாமான்கள் ஏற்றும் பெட்டியின் ஒரு மூலையில் ஒரு குட்டிச் சோதனைக்கூடமே அமைத்துவிட்டார்! 1862-இல் அதே ரயிலில் ஒரு வாரப் பத்திரிகையும் அச்சடித்து விற்றார். ஒரு நாள் ஓடும் ரயில் குலுங்கியதில் பாஸ்பரஸ் துண்டு ஒன்று கீழே விழுந்தது. பெட்டி தீப்பிடித்தது. ரயில் அதிகாரி தீயை அணைத்துவிட்டு, எடிசனையும் அவருடைய சாமான்களையும் அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டார்.

ஆக, பல்பைச் செய்வதற்கு வெகுகாலம் முன்பே, தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

தந்தி சொல்லிக் கொடுத்த பாடம்

அதே 1862-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி எடிசனின் வாழ்க்கையை மாற்றியது. ரயில் நிலையம் ஒன்றில், நிலைய அதிகாரியின் சின்னஞ்சிறு மகன் தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தான். உருண்டு வந்தது ஒரு ரயில் பெட்டி! எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினார். நன்றிக் கடனாக அந்த அதிகாரி எடிசனுக்குத் தந்தி அனுப்பும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார்.

எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும், தந்திக் கருவியின் டிக் டிக் ஓசை நன்றாகக் கேட்டது. மற்ற சத்தங்கள் தொந்தரவு செய்யாததால் வேலையில் மனம் ஊன்றியது. ஊர் ஊராகப் போய்த் தந்தி வேலை பார்த்தார். கம்பியில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை அங்கேதான் கற்றார்.

தந்தி நிலையங்களுக்கு அந்தக் காலத்தில் ஓர் எதிரி உண்டு. அதுதான் மின்னல்! கம்பி மேல் மின்னல் விழுந்தால் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து வந்து கருவிகளைக் கருக்கிவிடும். இதற்குப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிரெகே ஒரு வழி சொன்னார். நிலையத்துக்குள் வரும் பாதையில் மெல்லிய கம்பி ஒன்றை இணைத்துவிட வேண்டும், மின்னல் விழுந்தால் அது அறுந்து போகும், கருவி தப்பிவிடும். அவர் இதைச் சொன்ன ஆண்டு 1847. எடிசன் பிறந்த அதே ஆண்டு! எனவே, உருகும் கம்பி என்ற யோசனை முழுக்க முழுக்க எடிசனுடையது அல்ல. அதை வீட்டு விளக்குக்கு ஏற்றபடி அமைத்ததுதான் அவர் செய்த பெரிய வேலை.

எடிசனின் முதல் காப்புரிமை 1869-இல் கிடைத்தது. சட்டமன்றத்தில் ஓட்டுகளை எண்ணும் கருவி அது. யாரும் வாங்கவில்லை! மக்களுக்கு எது தேவையோ அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்று அவர் தெரிந்துகொண்டார். பிறகு, பங்குச் சந்தை விலைகளை அறிவிக்கும் தந்திக் கருவியைச் சீர்திருத்திக் கொடுத்ததில் கைநிறையப் பணம் கிடைத்தது. 1876-இல் நியூஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க் என்ற இடத்தில் பெரிய ஆய்வுக்கூடம் கட்டினார். அடுத்த ஆண்டே பேசும் கருவியான போனோகிராப்பைக் கண்டுபிடித்து உலகையே வியக்க வைத்தார்.

பல்பு எரிந்தது... பயமும் பிறந்தது!

மின்சார விளக்குக்காக எடிசனுக்கு முன்பே பலர் பாடுபட்டார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் அதே வேலையில் இருந்தார். 1879 அக்டோபரில், எடிசன் கரியாக்கிய பருத்தி நூலைக் கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து, காற்றை வெளியேற்றி, மின்சாரம் செலுத்தினார். பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் அது ஒளி வீசியது. அந்த ஆண்டின் கடைசி நாளில் மென்லோ பார்க் முழுவதும் விளக்கேற்றி மக்களுக்குக் காட்டினார்.

இங்கேதான் ஒரு சிக்கல். திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட்டைப் பார்த்திருப்பீர்கள். பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். வீட்டு விளக்கு அப்படி இருந்தால் சரிப்படுமா? சமையலறை விளக்கை அணைத்தால் படிக்கும் அறையும் இருண்டுவிடுமே! அதனால் எடிசன் ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதை அமைத்தார். இதைப் பக்க இணைப்பு என்று உங்கள் அறிவியல் பாடத்தில் படிப்பீர்கள்.

ஆனால், இந்த முறையில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. விளக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளும் எங்காவது ஒன்றோடொன்று தொட்டுக் கொண்டால் மின்சாரம் பல்பைச் சுற்றிப் போகாது. குறுக்கு வழியில் பாயும். அந்தக் குறுக்கு வழியில் தடையே இல்லை. அதனால் மின்சாரம் வெள்ளமாகப் பெருக்கெடுக்கும். இதைத்தான் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம்.

அதனால் என்ன என்கிறீர்களா? கம்பியில் மின்சாரம் இரண்டு மடங்கானால், உண்டாகும் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! மின்சாரம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு! அந்தக் காலத்தில் கம்பியின் மேல் பருத்தி நூலைச் சுற்றியிருப்பார்கள். வீடுகளோ பெரும்பாலும் மரத்தால் ஆனவை. சுவரில் பட்டுத் துணி, தரையில் கம்பளம். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

உருகுவதற்கென்றே ஒரு கம்பி

எடிசன் யோசித்தார். எல்லாக் கம்பிகளையும் வலுவாக்கிவிட்டால் போதுமா? போதாது. எவ்வளவு வலுவான கம்பிக்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் அவர் தலைகீழாக யோசித்தார். பாதையில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே மெலிந்த கம்பி ஒன்றை வைத்தார். வழக்கமான மின்சாரம் போனால் அது சும்மா இருக்கும். அளவுக்கு மீறிப் பாய்ந்தால் எல்லாவற்றுக்கும் முன்னதாக அது சூடேறி உருகி அறுந்துவிடும். பாதை துண்டிக்கப்பட்டதும் மின்சாரம் நின்றுவிடும். மற்ற கம்பிகளும் வீடும் தப்பிவிடும்!

உருகும் உலோகச் சொட்டு கம்பளத்தில் விழுந்து தீப்பிடித்தால்? அதையும் அவர் விடவில்லை. அந்தக் கம்பியை மின்சாரம் கடத்தாத ஓர் உறைக்குள் அடைத்தார். 1880-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதைத்தான் நாம் பியூஸ் என்கிறோம். பாடப் புத்தகத்தில் மின் உருகி என்று இருக்கும்.

ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பியூஸ் வைத்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஓர் அறையில் கோளாறு என்றால் அந்த அறை மட்டும் இருளும். மற்ற அறைகள் ஒளியோடு இருக்கும்.

இதற்கு ஒரு சோதனையும் வந்தது. எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் வரும் வேடிக்கையான நிகழ்ச்சி இது. அந்தக் காலத்தில் வீடுகளுக்கு எரிவாயு விளக்கு கொடுத்து வந்த நிறுவனங்களுக்கு எடிசனின் பல்பு பிடிக்கவில்லை. மென்லோ பார்க்குக்கு விளக்கைப் பார்க்க வந்த கூட்டத்தில் அந்தத் தரப்பு ஆள் ஒருவரும் இருந்தார். சட்டைக்குள் ஒரு கம்பியை மறைத்து எடுத்து வந்திருந்தார்! யாரும் பார்க்காதபோது விளக்குக் கம்பிகள் இரண்டையும் அதனால் இணைத்துவிட்டார். எல்லா விளக்குகளும் ஒரே நொடியில் அணைந்துவிடும், எடிசன் தலைகுனிவார் என்பது அவர் போட்ட கணக்கு. நடந்தது என்ன? சில விளக்குகள் மட்டும் அணைந்தன. மற்றவை பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தன! நடுவில் பியூஸ் காவல் நின்றது அந்த ஆளுக்குத் தெரியாது. பிடிபட்ட அவர் வெளியேற்றப்பட்டார்.

பணக்காரர் வீட்டில் பட்ட பாடு

ஆனாலும், பியூஸ் ஒன்றே எல்லா ஆபத்தையும் தடுத்துவிடாது என்பதை எடிசன் விரைவில் தெரிந்துகொண்டார்.

நியூயார்க்கின் பெரும் பணக்காரர் வாண்டர்பில்ட். அவருடைய மாளிகையில் எடிசனின் ஆட்கள் விளக்கு அமைத்தார்கள். முதல் முறையாக விளக்கேற்றிய மாலையில் வீட்டார் அனைவரும் ஆவலோடு கூடினார்கள். சில நிமிடங்கள்தான்! சுவரில் இருந்த பட்டுத் துணி புகையத் தொடங்கியது. அழகுக்காக அந்தத் துணியில் மெல்லிய உலோக இழைகளைச் சேர்த்து நெய்திருந்தார்கள். மின்கம்பிகள் அவற்றில் பட்டு, இழைகள் பழுக்கச் சூடேறிவிட்டன. காரணத்தை உடனே புரிந்துகொண்ட எடிசன் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தீ அடங்கியது. ஆனால், வீட்டு அம்மையார் பயந்துவிட்டார். மின்சாரத்துக்கான கொதிகலன் வீட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும், இந்த வீட்டில் குடியிருக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அமைத்த எல்லாவற்றையும் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று.

மெல்லிய இழையைப் பழுக்கச் செய்வதற்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். பியூஸ் உருக அது போதாமல் இருக்கலாம். ஆகவே, கம்பிக்கு நல்ல உறை வேண்டும், சரியான இடத்தில் ஓட வேண்டும், பியூசும் வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இத்தனை பாடங்களோடு, 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையத்தை எடிசன் தொடங்கினார். கம்பிகளைத் தலைக்கு மேல் தொங்கவிடாமல் தெருவுக்கு அடியில் பதித்தார். முதல் நாள் எரிந்தவை சுமார் 400 விளக்குகள். பின்னாளில் வீட்டு பியூசை பல்பைப் போலவே திருகி மாட்டும் வடிவிலும் செய்தார்கள். அந்தத் திருகு அமைப்புக்கு இன்றும் எடிசன் பெயர்தான்!

கறுத்துப்போன பல்பும் வானொலியும்

எடிசனின் பல்புகள் சில நாள்களில் உட்புறம் கறுத்துப் போயின. ஏன் என்று பார்க்க, பல்புக்குள் ஓர் உலோகத் துண்டைத் தனியாக வைத்தார். என்ன அதிசயம்! சூடான இழைக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே எந்தக் கம்பியும் இல்லை. ஆனாலும் வெற்றிடத்தின் வழியே மின்சாரம் பாய்ந்தது. 1884-இல் இதற்கும் காப்புரிமை வாங்கினார். ஆனால், எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1897-இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் எடிசன் அந்த அதிசயத்தை அப்படியே விட்டுவிட்டார்.

விதை வீணாகவில்லை. லண்டனில் எடிசனின் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த பிளெமிங், 1904-இல் அதைக் கொண்டு வானொலி அலைகளை உணரும் வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் அதற்குள் மூன்றாவது உறுப்பாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். மெல்லிய அலையைப் பெரிதாக்கும் பெருக்கி இதிலிருந்து பிறந்தது. வானொலி நிலையத்தின் குரல் வெகுதூரம் எட்டுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கிகள்தான்.

இங்கேயும் பழைய எதிரி வந்துவிட்டது. அதாவது, அளவுக்கு மீறிய மின்சாரம்! அலையைக் காற்றில் அனுப்பும் ஆண்டெனா அறுந்துவிட்டதாக வைத்துக் கொள்வோம். வெளியே போக வழியில்லாமல் ஆற்றல் பெருக்கிக்கே திரும்பி வரும். வால்வில் மின்சாரத்தை அடக்கி வைத்திருக்கும் வலை தன் வேலையைச் செய்யாவிட்டாலும் ஆபத்துதான். உள்ளே இருக்கும் தகடு சிவக்கச் சிவக்கச் சூடேறும். அதற்கும் காவல், எடிசன் காட்டிய பியூஸ்தான்.

பின்னாளில் வால்வின் இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்தது. இது மிகச் சிறியது. வால்வு கொஞ்ச நேரம் சூட்டைத் தாங்கும். டிரான்சிஸ்டரோ கண் இமைப்பதற்குள் கருகிவிடும். பியூஸ் சூடேறி உருகும்வரை அது காத்திருக்காது. எனவே பொறியாளர்கள் இன்னொரு காவலாளியைப் போட்டார்கள். மின்சாரம் போகும் பாதையில் மிகச் சிறிய மின்தடை ஒன்றை வைப்பார்கள். மின்சாரம் கூடக் கூட, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட் அளவும் கூடும். இது ஓம் விதி. அந்த அளவை ஒரு சர்க்யூட் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் பெருக்கிக்கு வரும் அலையைக் குறைக்கும்; அல்லது மின்சாரத்தையே நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்குள் நிறுத்திவிடும். பியூசும் கூடவே இருக்கும், கடைசிக் காவலாக! கருவி மாறினாலும் எடிசனின் வழி மாறவில்லை. ஓர் எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள். அது மீறப்பட்டால் உடனே பாதையை அடைத்துவிடு. அவ்வளவுதான்!

எடிசனின் சறுக்கல்கள்

எடிசன் எல்லாவற்றிலும் சரியாகவே நடந்துகொண்டாரா? இல்லை. ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரமே நல்லது என்று பிடிவாதமாக இருந்தார். திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்தைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் ஏ.சி.யே வென்றது. இன்று நம் வீடுகளுக்கு வருவதும் அதுதான்.

எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டதும் அவருடைய கூடத்தில் அதிலும் ஆராய்ச்சி நடந்தது. உதவியாளர் கிளாரன்ஸ் டாலி நாள்தோறும் அந்தக் கதிர்களில் கைகளைக் காட்டி வேலை செய்தார். கைகள் புண்ணாகி, புற்றுநோய் வந்து, 1904-இல் இறந்தார். மனம் உடைந்த எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். கம்பிக்குப் பியூஸ் வைக்கலாம். மனித உடம்புக்கு ஏது பியூஸ்? நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

1914 டிசம்பரில் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த அவருடைய தொழிற்சாலைக் கட்டடங்கள் பல தீயில் எரிந்தன. அப்போது அவருக்கு 67 வயது. கலங்காமல் உடனே மீண்டும் கட்டத் தொடங்கினார்.

மொத்தம் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்ற எடிசன், 1931 அக்டோபர் 18-ஆம் தேதி தம் 84-ஆம் வயதில் மறைந்தார். அடக்கம் நடந்த நாளின் இரவில், அமெரிக்க மக்கள் சிறிது நேரம் விளக்குகளை அணைத்து அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

குழந்தைகளே! இப்போது பல வீடுகளில் பியூசுக்குப் பதிலாக எம்.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சினால் அது தானாகவே கீழே இறங்கிவிடும். உருகுவதில்லை என்பதால் மறுபடி மேலே தூக்கிவிடலாம். ஆனால், அது ஏன் இறங்கியது என்று தெரியாமல் மறுபடி மறுபடி தூக்கக் கூடாது.

பழைய பியூஸ் கேரியர் உள்ள வீடுகளில் சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பி உருகாது. அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும், வீடு தீப்பிடிக்கும்! அடிக்கடி பியூஸ் போனால் குற்றம் பியூசின் மேல் இல்லை. எங்கோ கோளாறு இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது.

நீங்கள் மீட்டர் பெட்டியைத் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டு பியூசில் சரியான கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்கும்படி அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். அதுவே எடிசனுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. புதிதாக ஒன்றைச் செய்வது பாதி வேலைதான். அதனால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் மீதிப் பாதி.